கரும்புக்கு நாணல் கொடுத்த சீதனம்



கரும்பை நாம் கரணை வைத்துத்தான் பயிர் செய்கிறோம். தாய்க் கரும்பு எப்படியோ, பிள்ளையும் அப்படியே வரும். காரணம், கரணையில் உள்ள ஒவ்வொரு செல்லிலும் தாயின் குரோமோசோம்கள் ஒன்றுகூடக் குறையாமல் இருக்கின்றன. குரோமோசோம் என்பது மைக்ராஸ்கோப்பில் மட்டுமே தெரியும் குட்டி நூல் துண்டு. அந்த நூல் நெடுக வரிசையாக இருப்பவைதான் ஜீன்கள், அதாவது மரபணுக்கள். தண்டின் பருமன், சாற்றின் இனிப்பு, நோய் தாங்கும் சக்தி எல்லாம் அதில் எழுதிவைத்த சங்கதி. எருவும் தண்ணீரும் அதற்கு மேலேதான் வேலை செய்யும்.

புது ரகம் வேண்டுமானால் கரணை உதவாது. பூ பூத்து, மகரந்தம் சேர்ந்து, விதை பிடிக்க வேண்டும். வடநாட்டில் கரும்பு விதை பிடிப்பது அரிது. கோயமுத்தூரில் நன்றாகப் பூக்கும். அதனால்தான் 1912-ல் அங்கே கரும்பு ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள். அன்றைக்குப் பஞ்சாபில் விரல் மொத்தக் கரும்புதான், விளைச்சலும் சொற்பம். சர்க்கரையோ ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கியது.

பார்பர் துரையும் டி.எஸ். வெங்கட்ராமனும் என்ன செய்தார்கள் தெரியுமா? 'வெள்ளை' என்ற பருத்த இனிப்புக் கரும்பின் பூவில் நாணலின் மகரந்தத்தைச் சேர்த்தார்கள். ஆமாம், வாய்க்கால் கரையில் வெட்டி வெட்டி அலுத்துப் போகிறோமே, அந்த நாணல்தான்! அதில் பிறந்த கோ 205 ரகம் 1918-ல் வெளிவந்தது. பஞ்சாபில் நாட்டுக் கரும்பு பத்து வண்டி கொடுத்த இடத்தில் இது பதினைந்து வண்டி கொடுத்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மனிதருக்கு 46 குரோமோசோம்கள். தாய் 23, தகப்பன் 23. பாதிக்குப் பாதி. வெள்ளைக் கரும்புக்கு 80, நாணலுக்கு 64. பாதிக் கணக்குப்படி பிள்ளைக்கு 40-ம் 32-ம் சேர்ந்து 72 வரவேண்டும். எண்ணிப் பார்த்தால் 112! தகப்பன் நாணல் தன் பாதியான 32-ஐத்தான் கொடுத்தது. தாய்க் கரும்போ 80-ஐயும் அள்ளிக் கொடுத்துவிட்டது. நாணலின் சப்பைச் சாறு இனிப்பை ஒரேயடியாகக் கெடுக்காமல் போனது அதனால்தான். ஜாவாவில் இருந்த டச்சு விஞ்ஞானி ப்ரீமர் 1920-களில் இப்படிக் கரும்புகளின் குரோமோசோம்களை எண்ணி, இந்த விசித்திரத்தை வெளியிட்டார். மனிதருக்கு 46 என்று சரியாக எண்ணியதே 1956-ல்தான். அதுவரை 48 என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஓர் உயிரின் மரபுச் செய்தி முழுவதையும் ஜீனோம் என்கிறார்கள். மனித ஜீனோமைப் பெரும்பாலும் படித்து முடித்தது 2003-ல். விட்டுப்போன இடங்களை நிரப்பியது 2022-ல். கரும்பு இன்னும் சள்ளை பிடித்தது. நூற்றுக்கு மேற்பட்ட குரோமோசோம்கள், ஒன்றைப்போலவே இன்னொன்று. எது எதுவென்று பிரிப்பதே பெரும்பாடு. ரீயூனியன் தீவில் உண்டான ஆர் 570 என்ற ரகத்தின் ஜீனோம் 2024-ல்தான் வெளியாயிற்று. இன்றைய ரகங்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நாணலின் சொத்து. வறட்சி தாங்குவதும், மறுதாம்பு நன்றாகத் துளிர்ப்பதும் பெரும்பாலும் அந்தப் பங்கிலிருந்து வந்தவை.