மணியார்டர் படிவமும் ஒரு தேசமும்

1948 பிப்ரவரி 25. பாகிஸ்தான் பிறந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கராச்சியில் அரசியல் நிர்ணய சபை கூடியிருக்கிறது. கிழக்கு வங்காளத்தின் கொமில்லாவிலிருந்து வந்த வழக்கறிஞர் தீரேந்திரநாத் தத்தா எழுந்து ஒரு சிறிய திருத்தத்தை முன்மொழிந்தார். சபையில் ஆங்கிலத்தோடும் உருதுவோடும் வங்காளத்தையும் பயன்படுத்த அனுமதிக்க வேண்டும். கேட்டது அவ்வளவுதான். உருதுவை எடுத்துவிடச் சொல்லவில்லை. உருதுவுக்கு மேலே வங்காளத்தை வைக்கவும் சொல்லவில்லை.

தத்தா சபைக்கு எடுத்துச் சொன்னது ஓர் ஏழை விவசாயியின் கதை. மகன் டாக்கா பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அவனுக்குப் பணம் அனுப்ப அப்பா கிராமத்துத் தபாலாபீசுக்குப் போகிறார். மணியார்டர் படிவம் உருதுவில் இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு தொலைவிலிருக்கும் டவுனுக்கு ஓடி, யாரிடமாவது அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் மகனுக்குப் பணம் போகும். நிலம் வாங்க, விற்க முத்திரைத்தாள் வாங்கினாலும் இதே கதிதான். கொடுத்த காசுக்குச் சரியான மதிப்புள்ள தாள்தானா என்று அவரால் படித்துப் பார்க்க முடியாது. நாட்டில் உள்ள ஆறு கோடியே தொண்ணூறு லட்சம் பேரில் நான்கு கோடியே நாற்பது லட்சம் பேர் வங்காளம் பேசுகிறார்கள் என்று தத்தா கணக்கும் சொன்னார்.

பிரதமர் லியாகத் அலி கான் எழுந்து மறுத்தார். பாகிஸ்தான் முஸ்லிம்களின் நாடு, அதற்கு முஸ்லிம்களின் பொதுமொழியே வேண்டும், அது உருதுதான் என்றார். திருத்தத்தின் நோக்கத்தின் மீதே அவர் சந்தேகத்தைக் கிளப்பினார். தத்தா இந்து என்பதால் அந்தச் சந்தேகம் எளிதில் ஒட்டிக்கொண்டது. கிழக்கு வங்காள முதல்வர் கவாஜா நஜிமுத்தீனும் தத்தாவுக்குக் கைகொடுக்கவில்லை. அவர் டாக்கா நவாப் குடும்பத்தவர், அந்த வீட்டில் பேசியது உருது. குரல் வாக்கெடுப்பில் திருத்தம் தோற்றது.

பாகிஸ்தானியர் யார் என்ற கேள்விக்கு அரசு தந்த முதல் பதில் இதுதான். நாட்டின் பின்னாளைய துயரங்களில் பாதி அன்றைய சபையிலேயே தொடங்கிவிட்டது என்பது என் உறுதியான கருத்து.

உருது மீது ஏன் இத்தனை பிடிவாதம்? அதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். ஐக்கிய மாகாணத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்தே இந்தி–உருது தகராறு கொழுந்துவிட்டு எரிந்தது. 1900-ல் அங்கே நீதிமன்றங்களில் நாகரி எழுத்துக்கு இடம் கிடைத்ததும், படித்த முஸ்லிம்களுக்கு உருது வெறும் மொழியாக இருக்கவில்லை. மானப் பிரச்சினை ஆகிவிட்டது. முஸ்லிம் லீக் தலைவர்களில் பலர் அந்த மண்ணிலிருந்து வந்தவர்கள். பஞ்சாபிலோ, ஆங்கிலேயர் ஆட்சிக்கு வந்த சில ஆண்டுகளிலேயே பள்ளியிலும் கீழ்க்கோர்ட்டிலும் உருதுவைக் கொண்டுவந்துவிட்டார்கள். அங்கே உருது என்றால் உத்தியோகம். அதனால் பஞ்சாபி மேட்டுக்குடிக்கு அது உறுத்தவில்லை. பாகிஸ்தானின் மாபெரும் உருதுக் கவிஞர்களான இக்பாலும் ஃபைஸும் சியால்கோட் பகுதியின் பஞ்சாபி வீடுகளில் பிறந்தவர்கள். எந்த மாகாணத்துக்கும் சொந்தமில்லாத மொழி எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் என்று தலைவர்கள் நம்பினார்கள். நம்பிக்கையில் பிழையில்லை. மற்ற மொழிகளை வாசலுக்கு வெளியே நிறுத்தியதுதான் பிழை.

தத்தாவின் திருத்தம் தோற்ற அடுத்த மாதமே ஜின்னா டாக்காவுக்கு வந்தார். மார்ச் 21, ரேஸ்கோர்ஸ் மைதானம். அரசு மொழி உருது மட்டுமே, வேறெதுவும் இல்லை என்று அறிவித்தார். அறிவித்தது ஆங்கிலத்தில், அவருடைய தாய்மொழியோ குஜராத்தி. மூன்று நாள் கழித்து கர்சன் ஹாலில் பட்டமளிப்பு விழாவில் அதையே திரும்பச் சொன்னபோது மாணவர்கள் சிலர் முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று குரல் எழுப்பினார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது பலரும் அறிந்தது. 1952 ஜனவரியில், இப்போது பிரதமராகிவிட்ட நஜிமுத்தீன் டாக்கா பல்டன் மைதானத்தில் அதே பல்லவியைப் பாடினார். பிப்ரவரி 21 அன்று மருத்துவக் கல்லூரி அருகே போலீஸ் சுட்டது. ரஃபீக், பர்கத், ஜப்பார், சலாம் எனப் பலர் உயிரிழந்தார்கள். மாணவர்கள் ஒரே இரவில் எழுப்பிய நினைவுத்தூணைச் சில நாளிலேயே போலீஸ் இடித்துத் தள்ளியது. 1954 தேர்தலில் கிழக்கு வங்காளம் முஸ்லிம் லீகைத் துடைத்தெறிந்தது. 1956 அரசியல் சட்டம் உருதுவோடு வங்காளத்தையும் அரசு மொழியாக ஏற்றது. முன்பே மனமுவந்து கொடுத்திருந்தால் நன்றி கிடைத்திருக்கும். ரத்தம் சிந்திய பிறகு கொடுத்ததால் கசப்புதான் மிஞ்சியது.

தீரேந்திரநாத் தத்தாவின் முடிவையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1971 மார்ச் இறுதியில் பாகிஸ்தான் ராணுவம் கொமில்லாவில் அவர் வீட்டுக்குள் நுழைந்து, அவரையும் மகன் திலீப்பையும் ராணுவ முகாமுக்கு இழுத்துச் சென்றது. இருவரும் உயிரோடு திரும்பவில்லை. அவருக்கு அப்போது எண்பது வயதுக்கு மேல். அந்த ஆண்டு டிசம்பரில் வங்கதேசம் விடுதலை பெற்றது.

பாதி நாடு போனபிறகாவது பாடம் படித்தார்களா? ஏழே மாதத்தில் அடுத்த தீ சிந்து மாகாணத்தில் பற்றியது. பிரிவினையின்போது டெல்லி, லக்னோ, ஆக்ரா பக்கமிருந்து வந்த லட்சக்கணக்கான உருதுக்காரர்கள் கராச்சியிலும் ஹைதராபாத்திலும் குடியேறியிருந்தார்கள். தங்கள் தலைநகரிலேயே தங்கள் மொழிக்கு இடமில்லாமல் போனதைச் சிந்திகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1972 ஜூலையில் மாகாணச் சட்டமன்றம் சிந்தி மொழி மசோதாவை நிறைவேற்றியதும் கராச்சி கொந்தளித்தது. ‘ஜங்’ நாளிதழ் உருதுவுக்கு ஒப்பாரி வைக்கும் ரயீஸ் அம்ரோஹ்வியின் கவிதையை வெளியிட்டது. கலவரத்தில் பல உயிர்கள் போயின. சிந்தி தெரியவில்லை என்ற காரணத்துக்காகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு யாருக்கும் அரசு வேலை மறுக்கப்படாது என்று சமரசம் செய்து அதிபர் பூட்டோ நிலைமையைத் தணித்தார். மறு ஆண்டு வந்த அரசியல் சட்டத்தின் 251-வது பிரிவு உருதுவைத் தேசிய மொழியாக வைத்துக்கொண்டு, மாகாணங்கள் தங்கள் மொழியை வளர்க்கவும் வழிவிட்டது.

இதே காலத்தில்தான் அரசு முதல்முறையாக மக்களிடம் காது கொடுத்தது. ஃபைஸ் அகமது ஃபைஸின் தலைமையில் தேசியக் கலை மன்றம் உருவானது. 1974-ல் இஸ்லாமாபாத்தில் ‘லோக் விர்சா’ என்ற நாட்டார் மரபு நிறுவனம் தொடங்கியது. அதன் ஆட்கள் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுகளையும் கதைகளையும் டேப்பில் பதிந்தார்கள். பதிய வேண்டியது மலைபோல் கிடந்தது.

சிந்துவில் பிட் ஷா என்ற ஊருக்குப் போனால் அது புரியும். அங்கே சூஃபிக் கவிஞர் ஷா அப்துல் லத்தீஃப் (1689–1752) அடங்கிய தர்கா இருக்கிறது. கறுப்பு உடை அணிந்த பக்கீர்கள் தம்பூராவை மீட்டியபடி லத்தீஃபின் பாடல்களை இரவுதோறும் பாடுகிறார்கள். அந்த வாத்தியத்தை வடிவமைத்தவரே லத்தீஃப்தான் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆண்கள் குரலைப் பெண்குரல்போல உச்சத்துக்கு ஏற்றிப் பாடுவார்கள். ஏனென்றால் லத்தீஃபின் பாடல்களில் துயரப்படுவது பெரும்பாலும் பெண்கள். சஸ்ஸுயி அவர்களில் ஒருத்தி. பிராமண வீட்டில் பிறந்து ஆற்றில் விடப்பட்டு, முஸ்லிம் சலவைத் தொழிலாளி வீட்டில் வளர்ந்தவள் என்கிறது கதை. அவள் காதலன் புன்னூ, மக்ரானின் கேச் நாட்டு பலூச் இளவரசன். அண்ணன்மார் அவனைத் தூக்கிப் போய்விட, இவள் மலையும் பாலையும் கடந்து வெறுங்காலோடு தேடிப் போகிறாள். பஞ்சாபிலும் இந்தக் கதையைப் பாடுகிறார்கள், பலூச் மண்ணிலும் பாடுகிறார்கள். தேசியப் பண்பாட்டுக்கு வேறென்ன இலக்கணம் வேண்டும்?

பாடகி ரேஷ்மாவின் வாழ்க்கை இன்னொரு சாட்சி. ராஜஸ்தானில் பஞ்சாரா குடும்பத்தில் பிறந்தவர். பிரிவினையையொட்டிக் குடும்பம் கராச்சிக்குப் போனது. பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. செவான் தர்காவில் லால் ஷாபாஸ் கலந்தர் மீது பாடிக்கொண்டிருந்த இந்தச் சிறுமியை வானொலித் தயாரிப்பாளர் ஒருவர் கேட்டு மெய்மறந்தார். அவர் அழைத்துப் போய் ஒலிப்பதிவு செய்த பாட்டு நாடு முழுக்கப் பரவியது. கலந்தரை சிந்து இந்துக்களும் தங்கள் தெய்வமான ஜூலேலாலாகக் கொண்டாடுகிறார்கள். அரசு ஒற்றை அடையாளத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஜனங்கள் மதமும் மொழியும் கலந்த ஒன்றை வைத்துக்கொண்டு நிம்மதியாகப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

2023 மக்கள்தொகைக் கணக்கில் உருதுவைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் கூட இல்லை. ஆனால் அதை அறியாத பாகிஸ்தானியர் குறைவு. பெஷாவர்க்காரரும் கராச்சிக்காரரும் சந்தித்தால் பேசிக்கொள்வது உருதுவில்தான். சட்டத்தால் திணித்தபோது பகையைச் சம்பாதித்த மொழி, சந்தையாலும் சினிமாவாலும் தானே பரவியது.

பெரும் இழப்பு பஞ்சாபிக்குத்தான். நாட்டில் மிக அதிகம் பேர் பேசும் மொழி அது; புல்லே ஷாவும் வாரிஸ் ஷாவும் எழுதிய மொழி. வீட்டில் பிள்ளை பஞ்சாபி பேசினால் ‘நாகரிகமாகப் பேசு’ என்று அதட்டும் தாய்தந்தையர் லாகூரில் ஏராளம். பஞ்சாப் சட்டமன்ற விதிகள் திருத்தப்பட்டு, உறுப்பினர்கள் பஞ்சாபியில் தடையின்றிப் பேச வழி பிறந்தது 2024-ல்தான்.

டாக்கா மாணவர்கள் உயிர்விட்ட பிப்ரவரி 21-ஐ யுனெஸ்கோ 1999-ல் உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. அந்த நாளில் லாகூரிலும் எழுத்தாளர்களும் மாணவர்களும் ஊர்வலம் போகிறார்கள். தொடக்கப் பள்ளியில் பஞ்சாபி வழிக் கல்வி வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அது இன்னும் நிறைவேறவில்லை.