தஞ்சை விமானமும் பழுதுற்ற கோணமானியும்: தென்னிந்திய முக்கோண அளவையில் 1808

மலையை அளப்போருக்கு மலையே இடராவதுண்டு. 1738இல் தென்னமெரிக்காவில் பனியாறுகள் போர்த்த சிம்போராசோ எரிமலையின் சரிவில் பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகேர் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மலையின் நிறை அதனைத் தன்பால் எவ்வளவு இழுக்கிறது என ஆராய்ந்தார். எழுபது ஆண்டுகள் கழித்துக் காவிரிச் சமவெளியில் வில்லியம் லாம்டன் எதிர்கொண்ட இடரோ நேர்மாறானது. அங்கு ஏறி நின்று நோக்க மலையே இல்லை.

லாம்டனின் அளவை 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே தொடங்கியது. ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு எஃகுச் சங்கிலியால் அளக்கப்பட்டது. அதன்பின் கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணங்களின் பக்கங்களைக் கணக்கிட்டுச் செல்வதே முறை. ஒவ்வொரு நிலையமும் அடுத்ததற்குப் புலப்பட வேண்டும். கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளில் மேற்குத் தொடர்ச்சி மலை அருகிலேயே நிற்பதால் உயரத்திற்குக் குறைவில்லை. தஞ்சையில் தென்னையும் பனையும் பார்வையை மறித்தன. ஆகவே கோயில்களின் கோபுரங்களும் விமானங்களும் மலைகளின் இடத்தை ஏற்றன.

1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மீது கோணமானி ஏற்றப்பட்டது. இலண்டனில் வில்லியம் கேரி செய்த அக்கருவியின் வட்டம் 36 அங்குலம். எடை அரை டன். (இந்தியாவுக்கு வரும் வழியில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி, பின் அவர்களாலேயே மரியாதையுடன் அனுப்பிவைக்கப்பட்டது அது.) கயிறு அறுந்தது, கருவி சுவரில் மோதியது, வட்டம் கோணிப்போயிற்று. லாம்டன் ஆறு வார காலம் கூடாரத்துள் அடைந்திருந்து, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு அதனைச் சிறிது சிறிதாகப் பழைய வடிவுக்கு இழுத்தார்.

இந்நிகழ்ச்சியை அவரது விடாமுயற்சிக்குச் சான்றாகவே பலரும் கூறுவர். அளவையின் நோக்கில் வினா வேறு: வளைந்து நிமிர்ந்த வட்டம் காட்டும் கோணங்களை எங்ஙனம் நம்புவது? இதற்கு விடை காணும் வழி அளவை முறையிலேயே உண்டு. முக்கோணத் தொடர் சென்றடையும் இடத்தில் புதியதொரு அடிக்கோட்டை நிலத்தில் அளந்து, கணக்கிட்ட நீளத்துடன் ஒப்பிடுதல் வேண்டும். 1809இல் திருநெல்வேலியில் அளக்கப்பட்ட அடிக்கோட்டை இவ்வகையில், பழுதுபார்த்த கருவிக்கு வைத்த தேர்வு எனவும் கொள்ளலாம். கதைச்சுவையில் தஞ்சை முந்தினாலும் அளவை வரலாற்றில் திருநெல்வேலிக்கே கூடுதல் இடம் தரல் தகும்.

லாம்டன் 1823இல் இங்கன்காட்டில் மறைந்தார். எவரெஸ்டு அளவையை இமயத்தின் அடிவாரம் வரை கொண்டுசென்றார். அங்கே பூகேரின் வினா மீண்டும் எழுந்தது. இமயத்தின் ஈர்ப்பால் தூக்குக்குண்டு ஏறத்தாழ 15.9 விகலை வேறுபாடு காட்ட வேண்டும் என 1855இல் பிராட் கணக்கிட்டார். அளவையில் தெரிந்ததோ 5.2 விகலையே. சிம்போராசோவிலும் விலக்கம் எதிர்பார்த்ததினும் குறைவாகவே இருந்தது. மலைகளுக்கு அடியில் அடர்த்தி குறைந்த வேர்ப்பகுதி உண்டு என்று ஏரி அதே ஆண்டில் விளக்கம் தந்தார்.