வானம் (திரைப்படம்)

வானம், கிரிஷ் இயக்கத்தில் 2011 ஏப்ரல் 29 அன்று வெளியான தமிழ்த் திரைப்படம். 2010இல் தெலுங்கில் அவரே எடுத்த 'வேதம்' படத்தின் மறு ஆக்கம் இது. தமிழில் அவருக்கு இதுவே முதற்படம். இசை யுவன் சங்கர் ராஜா. முன்பின் அறியாத ஐவரின் வழிகள் புத்தாண்டுக்கு முந்திய இரவில் சென்னை வைத்தியசாலை ஒன்றில் வந்து கூடுகின்றன.

பணக்காரக் காதலியைக் கைப்பிடிக்கத் துடிக்கும் கேபிள் ராஜாவாகச் சிலம்பரசன், ரொக் இசைக்கலைஞராகப் பரத், பாலியல் தொழிலிலிருந்து தப்பியோடும் சரோஜாவாக அனுஷ்கா, மகனை மீட்கச் சிறுநீரகம் விற்கவரும் தாயாகச் சரண்யா பொன்வண்ணன் நடித்தனர். ஐந்தாமவர், பிரகாஷ் ராஜ் ஏற்ற ரஹீமுதீன் என்ற முஸ்லிம். படத்தின் உயிர் இந்தப் பாத்திரத்தில்தான் இருக்கிறது. விநாயகர் விழாவில் மூளும் தகராறில் அவருடைய கர்ப்பிணி மனைவி கருவை இழக்கிறார். தம்பி கோபத்தோடு வீட்டைவிட்டுப் போகிறான். அவனைத் தேடிச் சென்னைக்கு வரும் அண்ணனைப் பொலிஸ் தீவிரவாதி என்று பிடிக்கிறது. பிரகாஷ் ராஜ் குரலை உயர்த்தாமலே அந்த அவமானத்தை நமக்குள் இறக்கிவிடுகிறார். இறுதியில் வைத்தியசாலை தாக்கப்படும்போது, தன்னை வதைத்த அதிகாரியின் உயிரை ரஹீமுதீனே காக்கிறார்.

மணிரத்னத்தின் 'ஆய்த எழுத்து' (2004) இதற்கு முன்பே மூன்று இளைஞரைச் சென்னை நேப்பியர் பாலத்தில் சந்திக்க வைத்தது. அதன் அக்கறை அரசியல். இனவெறுப்பை மையமாகக் கொண்ட இவ்வகைப் படங்களில் பெயர்பெற்றது, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் களமாகக் கொண்டு போல் ஹாகிஸ் இயக்கிய 'கிராஷ்'. 2006இல் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருது அதற்குக் கிடைத்தது. அதில் ஒரு வெள்ளையினப் பொலிஸ்காரர், தான் இழிவுபடுத்திய கறுப்பினப் பெண்ணை எரியும் காரிலிருந்து மீட்கிறார். குற்றம் செய்தவருக்கு அங்கே மீட்சி கிடைக்கிறது. வானத்திலோ பாதிக்கப்பட்டவரே தன் நல்லதனத்தை உயிரைப் பணயம் வைத்து நிரூபிக்க வேண்டியிருக்கிறது. படத்தின் பெருங்குறை இதுவே. குற்றமற்ற ஒருவர் நம்பப்படுவதற்கு வீரச்செயல் எதற்கு?

இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில், தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்றுப் பகுதியில் இந்தக் கேள்வி திரையோடு நிற்பதில்லை. முஸ்லிம்கள் உணவில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற பொய் வதந்தியால் 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் பள்ளிவாசலும் முஸ்லிம் கடைகளும் தாக்கப்பட்டன. மறு ஆண்டு உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின், ஏப்ரல் 26 அன்று கல்முனைக்கு அருகே சாய்ந்தமருதில் ஒளிந்திருந்த, அவற்றோடு தொடர்புடைய இஸ்லாமியத் தீவிரவாதக் குழு சுற்றிவளைக்கப்பட்டது. அவர்களைப் பற்றித் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்கள். மூன்று வாரம்கூட ஆகவில்லை. மே நடுப்பகுதியில் குளியாப்பிட்டியிலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன.