முயலகனின் இன்னொரு பெயர்

நடராசர் திருவடியின் கீழ்க் கிடக்கும் குறளுருவைத் தமிழ் மரபு முயலகன் என்கிறது; வடமொழி மரபு அபஸ்மாரன் என்கிறது. இரு மரபிலும் அவன் பெயரே வலிப்பு நோயின் பெயரும் ஆயிற்று. கொல்லி மழவன் மகளைப் பற்றியிருந்த முயலகன் நோயைத் திருப்பாச்சிலாச்சிராமத்தில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்தார் என்பது பெரியபுராணச் செய்தி. திருவனந்தபுரத்து மலையாளத்தில் வலிப்பு இன்றும் அபஸ்மாரந்தான்.

நோய்க்கு இடும் பெயர் மருத்துவத்தை மட்டுமன்றி நோயாளியின் வாழ்வையும் தீர்மானிக்கிறது. அரியதொரு மூளைக்கட்டியின் வரலாறு இதற்குச் சான்று.

1988-இல் பாரிசு நகர நோயியலறிஞர் கத்தரீன் தோமா-துபோரும் அவருடைய குழுவினரும் 39 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். அனைவருக்கும் மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நெடுங்காலமாக இருந்தது, பெரும்பாலோர் இளையோர். மூளையின் புறணியில் இருந்த கட்டியை அகற்றியபின், அது முழுமையாக நீக்கப்படாதவர்களிடமும்கூட மீண்டும் வளரவில்லை. இத்தகைய கட்டிகள் அதற்குமுன் கிளையோமா வகைகளுள் ஒன்றாகவே எண்ணப்பட்டன. அந்தப் பெயரை நம்பிச் சிலருக்குக் கதிர்வீச்சும் அளிக்கப்பட்டிருந்தது. அக்கட்டுரை இக்கட்டிக்குத் தனிப்பெயர் இட்டது, சுருக்கமாக டிஎன்இடி. 1993-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டிலும் அது இடம்பெற்றது.

இதை இனங்காண்பது எளிதன்று. நுண்ணோக்கியில் சிறு துணுக்கை மட்டும் பார்த்தால் ஒலிகோடென்ட்ரோகிளையோமா போலவே தோன்றும். புறணிக்குச் செங்குத்தாக நிற்கும் நரம்பிழைக் கற்றைகளும், குழைமத்தில் மிதப்பன போன்ற நரம்பணுக்களும் தென்பட்டால்தான் வேறுபாடு புலப்படும். எம்ஆர்ஐ படத்தில் குமிழ்கள் திரண்டாற்போல் தெரியும். சுற்றிலும் வீக்கம் பொதுவாக இராது. சிலரிடம் கட்டியின் மேலுள்ள மண்டையோட்டின் உட்புறம் குழிந்திருக்கும். கட்டி பல்லாண்டுகளாக அங்கேயே இருந்ததற்கு அது அடையாளம். எனவே நோயியலறிஞர் கண்ணாடித் தகட்டை மட்டும் நம்பாமல், படத்தையும் முதல் வலிப்பு எந்த வயதில் வந்தது என்னும் வரலாற்றையும் சேர்த்தே முடிவுக்கு வரவேண்டும்.

இம்மூன்றும் ஓரிடத்தில் கூடுவதற்கு ஒரு நிறுவனம் தேவை. திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973-இல் அளித்த கட்டடத்தில், 1976-இல் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ மையம் பணியைத் தொடங்கியது. 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. நரம்பியலறிஞர் கே. ராதாகிருஷ்ணன் முன்னின்று நடத்த, 1995-இல் அங்கு வலிப்புக்கான அறுவைத் திட்டம் உருப்பெற்றது. கேரளத்தாரோடு குமரி, நெல்லை மாவட்டத்தாரும் நாடிச்செல்லும் மருத்துவமனை அது.

அங்கே வலிப்பைக் காணொளியோடு மின்னலைப் பதிவாகவும் பிடிப்பர். அது தொடங்கும் இடமும் படத்தில் தெரியும் கட்டியும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பர். மொழித்திறனையும் நினைவாற்றலையும் சோதிப்பர். இடப்பக்கப் பொட்டு மடலில் வரம்பு மீறி வெட்டினால், பொருள்களின் பெயரைச் சொல்லும் திறனே குன்றக்கூடும். மொழியியல் மாணவனாகிய எனக்கு இவ்வரலாற்றில் நெருக்கமான இடம் இதுவே. கட்டியோடு வலிப்பைத் தூண்டும் அண்டைத் திசுவும் நீங்கினால், பலர் வலிப்பிலிருந்து விடுபடுகின்றனர்.

வி. வி. ராதாகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும் இத்திட்டத்தில் அகற்றப்பட்ட 100 பொட்டு மடல் திசுக்களை ஆராய்ந்து 1999-இல் கட்டுரை வெளியிட்டனர். மாயமும் சாபமுமாகப் பேசப்பட்ட நோய்க்கு, கையில் எடுத்துக் காட்டத்தக்க திசுக்காரணங்கள் அங்கே வரிசைப்படுத்தப்பட்டன.

அந்த ஆண்டுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. சித்திரைத் திருநாள் மையம் தொடங்கிய அதே 1976-இல் திருத்தப்பட்ட இந்துத் திருமணச் சட்டம், அடிக்கடி வலிப்பு வருவோரை மனநோயாளருடன் சேர்த்துத் திருமணத்துக்குத் தகுதியற்றோர் ஆக்கியிருந்தது. 1999-இல் 'வலிப்பு' என்னும் அச்சொல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.

டிஎன்இடி என்ற புதுப்பெயர் தேவையற்ற கதிர்வீச்சிலிருந்து நோயாளிகளைக் காத்தது. சட்டத்திலிருந்து ஒரு பழம்பெயர் நீங்கியது, மணவாழ்வின் கதவைத் திறந்தது. ஆயினும் நம் ஊர்களில் பெண் பார்க்கும் வேளையில் வலிப்பு இன்றும் மறைக்கப்படுகிறது. மறைக்கப்படும் நோய்க்குச் சிகிச்சையும் தாமதமாகிறது. மருந்துக்கு அடங்காத வலிப்போடு பல்லாண்டு வாழும் ஒருவரை நீங்கள் அறிந்திருந்தால், அறுவைக்கு வாய்ப்புண்டா என்று ஒருமுறை மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.