‘பரையா’ என்ற ஆங்கிலச் சொல்லும் ‘பறையன்’ இதழும்



ஆங்கில நாளிதழ்களில் இன்றும் ‘பரையா ஸ்டேட்’ என்று எழுதுகிறார்கள். மற்ற நாடுகள் ஒதுக்கிவைத்த நாடு என்று பொருள். எழுதுகிறவர்களுக்கு அது சாதாரணச் சொல். நமக்கோ அது ஒரு மக்களின் பெயர். அந்தப் பெயர் எப்படி வசையானது, அந்த வசையை நம் முன்னோர் எப்படி எதிர்கொண்டார்கள் என்பதே இன்றைய பேச்சு.

‘பறையர்’ என்ற தமிழ்ப் பெயர் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் போனது. முதலில் ஒரு சாதியைக் குறித்த சொல், பிறகு தள்ளிவைக்கப்பட்ட எவரையும் குறிக்கலாயிற்று. பிரான்சில் 1821இல் கசிமீர் தெலவீஞ் அந்தப் பெயரிலேயே ஒரு நாடகம் எழுதினார். ஐரோப்பிய எழுத்தாளர்கள் இரக்கத்தோடு கையாண்ட சொல்லை இங்கிருந்த ஆங்கிலேயர் வேறு விதமாகக் கையாண்டார்கள். தெருநாய்க்கு ‘பரையா டாக்’ என்று பெயர். ஊரில் கழிவு பொறுக்கும் பருந்து ‘பரையா கைட்’. வெண்தலைச் செம்பருந்தோ ‘பிராமினி கைட்’. வானத்தில் பறக்கும் பருந்துக்கும் வருணம் பிரித்தாயிற்று. 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் ‘பரையா டாக்’ ஏறிவிட்டது.

இந்தச் சூழலில்தான் இரட்டைமலை சீனிவாசனைப் பார்க்க வேண்டும். அவர் படித்தது நம் கோயம்புத்தூரில். சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர் எல்லாம் பிராமணர். தம் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் யாரோடும் பழகாமல் ஒதுங்கியே இருந்ததாகத் தம் ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தில் எழுதியிருக்கிறார். கோவையில் பெயரை மறைத்துப் படித்த அந்தப் பையன்தான் 1893 அக்டோபரில் சென்னையில் நான்கு பக்க இதழ் தொடங்கி, அதற்குப் ‘பறையன்’ என்று பெயர் வைத்தார். மறைத்தால் உரிமை வராது, அந்தப் பெயரோடு எழுந்து நின்றே கேட்க வேண்டும் என்பது அவர் முடிவு.

அதே ஆண்டு டிசம்பரில், சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற காங்கிரசின் கோரிக்கையை எதிர்த்து, 3,412 பேர் கையெழுத்திட்ட 112 அடி நீள விண்ணப்பத்தை அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பச் செய்தார். ஆதிக்க சாதியார் கையிலேயே அதிகாரம் குவியும் என்பதுதான் எதிர்ப்பின் காரணம். பிறர் இழிவாகப் பேசிய பெயர் அங்கே கோரிக்கை வைப்போரின் பெயராயிற்று.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரையே மறுத்தார். பகைவர் இட்ட பெயர் அது, விலங்குக்கும் பறவைக்கும் சூட்டி அதைப் பரப்பினார்கள் என்று வாதிட்டார். ஒருவர் பெயரை ஏந்தினார், ஒருவர் உதறினார். இருவரும் சொன்னது ஒன்றே: எங்கள் பெயரை நாங்கள்தான் முடிவு செய்வோம்.

1922 ஜனவரியில் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அதன்படி அரசு ஆவணங்களில் ‘பறையர்’, ‘பஞ்சமர்’ என்பவற்றுக்குப் பதிலாக ‘ஆதி திராவிடர்’ வந்தது. கொங்கு நாட்டிலும் இந்தப் போராட்டம் உண்டு. வசையாக வீசப்பட்ட பெயரை விலக்கி ‘அருந்ததியர்’ என்று தம்மை அழைத்துக்கொண்ட மக்களுக்கு, 2009இல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்த சட்டம் அந்தப் பெயரிலேயே இயற்றப்பட்டது.

அரசாணை மாற்றியதைச் செய்தித்தாள்கள் இன்னும் மாற்றவில்லை. பழைய இதழ்களைப் புரட்டும் மாணவர்கள் இந்தச் சொல்லைக் கண்டால், யார் எழுதியது, யாரைக் குறித்தது என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்றைய ஆங்கில நாளிதழில் கண்டால் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள். ‘ஒதுக்கப்பட்ட நாடு’ என்று சொல்ல ஆங்கிலத்தில் வேறு சொற்கள் இருக்கின்றன. எங்கள் பெயரை விட்டுவிடட்டும்.