'கற்றல் பாணி' என்றொரு கட்டம்

முதுகலை வரலாற்று வகுப்பில் ஒருமுறை, நிர்வாகம் தந்த படிவமொன்றை விநியோகித்தேன். 'நீங்கள் பார்த்துக் கற்பவரா, கேட்டுக் கற்பவரா, செய்து கற்பவரா?' எல்லோரும் கட்டங்களில் குறியிட்டார்கள். ஒரு மாணவி மட்டும் எழுந்தாள்: "சார், புஸ்தகமெல்லாம் இங்கிலீஷ்லயே இருக்கு. அதுக்கு இதுல கட்டமே இல்லையே?" என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் படிவத்தின் வரலாற்றைத் தேடிப்போனேன்.

அவள் 'மில்லினியல்' தலைமுறையாம். இப்பெயரைப் புழக்கத்தில் விட்டவர்கள் நீல் ஹோவும் வில்லியம் ஸ்ட்ராஸும் (1991). 2000இல் அத்தலைமுறையின் குணாம்சங்களை வரையறுத்து நூல் எழுதியபோது அவர்கள் கருத்துக் கேட்ட பள்ளி மாணவர்கள் வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டத்தவர். அமெரிக்காவின் பணக்கார மாவட்டங்களில் அதுவும் ஒன்று. வர்க்கம் மறைந்து வயது மட்டும் மிஞ்சுகிற இடம் இதுதான்.

'பாணி'யின் கதையும் இப்படித்தான். டேவிட் கோல்ப் 1984இல் அனுபவவழிக் கற்றலை விளக்கி நான்கு பாணிகளைச் சொன்னார். 1987இல் நியூசிலாந்தில் நீல் ஃபிளெமிங் 'வார்க்' வினாப்படிவத்தை உருவாக்கினார். 2004இல் ஃபிராங்க் காஃபீல்டு குழு பிரிட்டனில் எண்ணிப் பார்த்தபோது 71 மாதிரிகள் இருந்தன. பல, விலைக்கு விற்கும் சரக்குகள்.

இந்தச் சரக்கு உண்மையா என்று எப்படிச் சோதிப்பது? 'பார்த்துக் கற்பவர்' படத்தாலும், 'கேட்டுக் கற்பவர்' பேச்சாலும் கற்று, ஒரே தேர்வில் கூடுதலாகத் தேற வேண்டும். 2008இல் ஹெரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் ஆய்வுகளை அலசினார்கள். அப்படி நிறுவும் ஆதாரம் அநேகமாக இல்லை என்றார்கள். விருப்பம் என்பது மெய்தான். விருப்பப்படி கற்பித்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குத்தான் சான்றில்லை.

சுயவிமர்சனமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் படிவத்தை முதலில் நான் வரவேற்றேன். மனப்பாடக் கல்விக்கு எதிரான ஜனநாயகக் குரலாக அது தோன்றியது. பாவ்லோ ஃப்ரேயிரேவின் வாரிசு என்றே நினைத்தேன். ஆனால், ஃப்ரேயிரே கேட்டது அதிகாரத்தைப் பற்றி. இது கேட்பது ரசனையைப் பற்றி. மொழி, விடுதிச் சாப்பாடு, மாலையில் பூட்டிவிடும் நூலகம் எல்லாம் வெளியே தள்ளப்பட்டு, கற்க முடியாமைக்கு மாணவரின் இயல்பே காரணமாகிவிடுகிறது. நிறுவனத்துக்கு எவ்வளவு சௌகரியம்!

அதற்குப் பிறகு, வகுப்பின் முதல் அரைமணி நேரம் ஒரே ஒரு ஆங்கிலப் பக்கத்தை எல்லோரும் சேர்ந்து தமிழில் பேசிப் படித்தோம். யார் எந்தப் பாணி என்று நான் கேட்கவில்லை.