பைக்குப் பெயர் தந்த ஊர்

பெல்ஜியம் நாட்டில், ஆண்ட்வெர்ப்பு நகருக்கும் மெக்கலன் நகருக்கும் இடையே, நேட்டே ஆற்றங்கரையில் டஃபல் என்றோர் ஊர் உண்டு. இளைஞர்கள் விளையாட்டுத் திடலுக்கும் விமான நிலையத்திற்கும் தோளில் மாட்டிச் செல்லும் உருண்டு நீண்ட மென்பை, இவ்வூரின் பெயரைத் தாங்கியே உலகெங்கும் வழங்குகிறது. "அந்த ஊர்த் துணியால் தைத்த பை, ஆகவே டஃபல் பை" என்று பைக் கடைக்காரர்கள் ஒரே வரியில் விளக்கம் கூறி முடித்துவிடுகின்றனர். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆயினும் சொல்லாராய்ச்சியில் நாட்டமுடைய தமிழாசிரியர்கள் இவ்விடையோடு அமைதல் இயலாது. ஏனெனில் நாமறிந்த டஃபல் பை எதுவும் டஃபல் துணியால் ஆனதன்று.

முதலில் துணியைப் பார்ப்போம். டஃபல் என்பது முரட்டுக் கம்பளி நூலால் நெய்து, இருபுறமும் மயிர் எழுமாறு செய்யப்பட்ட தடித்த துணி. பனியும் குளிரும் தாக்கும் வடபுலத்திற்கு ஏற்றது. அதற்குத் தேவை மிகவே, ஒல்லாந்து நாட்டு லெய்டன் நகரத்தாரும், பின்னர் இங்கிலாந்தில் விட்னி என்னும் ஊராரும் அதனை நெய்யலாயினர். ஊர் ஒன்று, நெய்தவர் பலர். பெயர் மட்டும் மாறவில்லை. நம் நாட்டுக் கோழிக்கோடு 'காலிக்கோ' ஆனதும், சென்னைப் பட்டினம் 'மெட்ராஸ்' என்னும் கட்டம் போட்ட துணியானதும், பிரான்சு நாட்டு நீம் நகரம் 'டெனிம்' ஆனதும் இவ்வழியே. இலக்கண நூலார் இதனை இடவாகுபெயர் என்பர்.

இத்துணி கப்பலேறி அமெரிக்கா சென்ற கதை சற்று விரித்துரைக்கத் தக்கது. பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் வட அமெரிக்காவில் நியூ நெதர்லாந்து என்ற குடியேற்றத்தை அமைத்தனர். இன்றைய நியூயார்க் அதன் பகுதியாக இருந்தது. அங்கு அவர்கள் நாடிச் சென்றது பீவர் என்னும் விலங்கின் தோல். ஐரோப்பியச் செல்வர் அணிந்த தொப்பிகளுக்கு அத்தோலின் மயிரே சிறந்த மூலப்பொருள். அதற்கு மாற்றாகப் பழங்குடி மக்கள் விரும்பி ஏற்றவற்றுள் டஃபல் துணி முதன்மையானது. விலங்குத் தோலைவிட அது இலேசானது. நனைந்தாலும் விரைவில் உலர்வது.

நியூ நெதர்லாந்தில் செயலாளராக இருந்த ஐசக் தெ ராசியேர் என்பவர், தம் கம்பெனிக்கு 1626இல் எழுதிய மடலில் இத்துணியின் நிறத்தைப் பற்றிக் குறிப்பிட்டிருக்கிறார். பழங்குடி மக்கள் கருநீலத்தையும் சாம்பல் நிறத்தையும் கேட்கின்றனர். வெளிர்நிறமும் பளிச்சென்ற நிறமும் வேண்டா என்கின்றனர். காட்டில் அவை தொலைவிலேயே தெரிந்து வேட்டையைக் கெடுத்துவிடுகின்றன என்பது அவர் எழுதியதன் சாரம். ஐரோப்பியர் எதைக் கொடுத்தாலும் பழங்குடியினர் வியந்து வாங்கிக்கொண்டனர் என்று சில பழைய பாடநூல்கள் எழுதியதை நாம் படித்திருக்கிறோம். அக்கூற்று பொருந்தாது என்பதற்கு இம்மடலே சான்று. தமக்கு வேண்டியது இன்னது, வேண்டாதது இன்னது என்று நிறம் வரை ஆய்ந்து வாங்கிய மக்கள் அவர்கள். வணிகன்தான் அவர்கள் விருப்பத்திற்கு இணங்கிப் போனான்.

ஆனால் நில வணிகத்தில் கதை வேறு. அக்காலத்து நிலப் பத்திரங்களில் கோடரி, கத்தி முதலியவற்றோடு டஃபல் துணியும் விலையாகக் காணப்படுகிறது. நிலத்தைப் பயன்படுத்த இசைவு தந்ததாகவே பழங்குடியினர் கருதினர் என்றும், என்றென்றைக்கும் உரிமை பெற்றதாக ஒல்லாந்தர் கருதினர் என்றும் வரலாற்று அறிஞர் பலர் கூறுவர். சில முழக் கம்பளிக்கு ஒரு நாடு கைமாறியது. பையின் பெயரை ஆராயப் புகுந்த நமக்கு இச்செய்தி மனத்தை உறுத்துகிறது.

இங்கிலாந்தில் இத்துணி ஏழை எளியவர்க்கும் உரியதாயிற்று. கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்து 1807இல் வெளியிட்ட 'ஆலிஸ் ஃபெல்' என்னும் பாட்டில் வரும் அநாதைச் சிறுமிக்குக் கிடைக்கும் புதிய மேலாடை சாம்பல் நிற டஃபல் துணியே. பிற்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையினர் அணிந்த டஃபல் கோட்டும் இத்துணியின் வழித்தோன்றல். கையுறையைக் கழற்றாமலே பூட்டத்தக்க மரக்கட்டைப் பொத்தான்கள் அதன் சிறப்பு.

இனிப் பெயருக்கு வருவோம். அமெரிக்கக் காடுகளில் வேட்டைக்கும் படகுப் பயணத்திற்கும் செல்வோர், தாம் எடுத்துச் செல்லும் மாற்றுடை, போர்வை முதலிய பயணப் பொருள்களை எல்லாம் சேர்த்து 'டஃபல்' என்று சொல்லத் தொடங்கினர். 'நெஸ்மக்' என்ற புனைபெயரில் எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் 1884இல் வெளியிட்ட 'வுட்கிராஃப்ட்' என்னும் நூலில் இவ்வழக்கைக் காணலாம். அவர் உருவத்திற் சிறியவர்; நோயால் நலிந்தவர். 1883இல் பத்தரை இராத்தல் எடையே உள்ள சின்னஞ்சிறு படகொன்றில் அடிரோண்டாக்கு ஏரிகளைத் தனியே சுற்றி வந்தார். சுமையைக் குறைத்துச் செல்க என்பதே அவர் ஓயாது வற்புறுத்திய கருத்து.

ஊரின் பெயர் துணிக்கு ஆகி, துணியின் பெயர் பயண உடைமைக்கு ஆயிற்று. நம் இலக்கணத்தில் இதற்குப் பெயர் இருமடியாகுபெயர். அந்த உடைமையை இடும் பையே டஃபல் பை. கம்பளித் துணியால் தைத்த பை என்று கொள்வதைவிட இவ்வாறு கொள்வதே பொருந்தும். நீரை உறிஞ்சிக் கனக்கும் கம்பளியால் பயணப் பை தைத்துக்கொள்ள எந்த மாலுமியும் வேட்டைக்காரனும் முன்வரமாட்டான் அன்றோ? மாணவர்க்கு ஆகுபெயர் கற்பிக்கும்போது 'கார் அறுத்தான்' என்பதோடு இதனையும் எடுத்துக்காட்டலாம். பை அவர்கள் காலடியிலேயே கிடக்கும்.

நிற்க. பெயர் காட்டிலிருந்து வந்ததாயினும் வடிவம் கடலிலிருந்து வந்தது. பாய்மரக் கப்பலில் இடம் குறைவு. அதிகாரிகளுக்கு மரப்பெட்டி வைத்துக்கொள்ள இடம் இருந்தது. சாதாரண மாலுமிக்கு, சுருட்டி மூலையில் திணிக்கத்தக்க பை ஒன்றே வாய்த்தது. அதை அவன் விலைக்கு வாங்கவில்லை. பழைய பாய்த்துணியை வெட்டி, வட்டமான அடிப்பாகம் வைத்து, வாயில் துளைகளிட்டுக் கயிறு கோத்துத் தானே தைத்துக்கொண்டான். பாய் தைக்கத் தெரிந்தவனுக்குப் பை எம்மாத்திரம்?

அப்பாய்த்துணியைத் தமிழில் கித்தான் என்கிறோம். ஆளிச் செடியையும் அதன் நார்த்துணியையும் குறிக்கும் 'கத்தான்' என்ற அரபுச் சொல்லோடு இது தொடர்புடையது என்பர். மலாய்ச் சொல்லாகிய 'கெத்தா' என்பதிலிருந்து வந்து, நம் தோட்டப்புறங்களில் இரப்பரைக் குறிக்கும் 'கித்தா' முற்றிலும் வேறு. இரண்டையும் ஒன்றாக மயங்கி எழுதுவோர் உளராதலின் இதனை ஈண்டுக் குறித்தேன்.

மாலுமியின் பையைப் படைவீரன் எடுத்துக்கொண்டான். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தரைப்படையினர்க்குப் பூட்டுப் போடும் வாயும் தோள்வாரும் உடைய கித்தான் டஃபல் பைகள் வழங்கப்பட்டன. வீரனின் பெயரும் எண்ணும் அதன்மேல் மையால் எழுதப்பட்டன. போர் முடிந்தபின் மிஞ்சிய படைப்பொருள்கள் மலிவாக விற்பனைக்கு வரவே, பல்கலைக்கழக மாணவர்கள் அவற்றை வாங்கிப் புத்தகமும் துணியும் திணித்துக்கொண்டு புறப்பட்டனர். பைக்கு நாகரிகப் பொருள் என்ற மதிப்பு இவ்வாறு மலிவு விற்பனை வழியாகவும் வந்தது. செல்வர் உலகில் அதற்கு முன்பே, 1930இல், பாரிசு நகரத்து லூயி வுய்த்தோன் நிறுவனம் 'கீப்பால்' என்னும் மென்பையை வெளியிட்டிருந்தது. பெரும் பெட்டிகளால் புகழ்பெற்ற நிறுவனமே மடித்து வைக்கும் பைக்கு இறங்கி வந்தது. கூலியாளை வைத்துப் பெட்டி சுமந்த காலம் மாறி வருவதை அது முன்னரே உணர்ந்திருந்தது போலும்.

படைப் பைக்கு ஒரு பெருங்குறை உண்டு. வாய் மேலே இருப்பதால், வேண்டிய பொருள் எப்போதும் அடியிலேயே கிடக்கும். ஒரு சட்டைக்காகப் பை முழுவதையும் கவிழ்க்க வேண்டும். இக்குறையைத் தீர்த்தது சிப்பு. சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த கிதியோன் சுண்ட்பாக்கு என்ற பொறியியலாளர் அதனைச் செம்மைப்படுத்தி 1917இல் காப்புரிமை பெற்றார். நீளவாக்கில் சிப்பு வைத்த பிறகு பை நிமிர்ந்து நில்லாமல் படுத்துக்கொண்டது. இன்று நாம் காணும் வடிவம் அதுவே. 1938இல் நைலான் அறிமுகமாகிப் பின்னர்ப் பைத்துணியாகவும் ஆனதும் எடையும் குறைந்தது.

இவ்வரலாற்றை அறிந்தவர்க்குக் கடையில் பை தெரிந்தெடுப்பது கடினமன்று. தினந்தோறும் வேலைக்கும் உடற்பயிற்சிக்கும் கொண்டு செல்ல முப்பது லிட்டர் அளவே மிகுதி. இரண்டு மூன்று நாள் பயணத்திற்கு நாற்பது போதும். அறுபதுக்கு மேற்பட்டதை வாங்குவோர் அதை நிரப்பிவிடுவர். நிரப்பியபின் ஒரே தோளில் சுமந்து வருந்துவர். நெஸ்மக் சொன்னது இங்கும் பொருந்தும். பிடியும் வாரும் உடம்போடு சேரும் இடத்தில் தையல் எத்தனை வரிசை என்று பார்க்க வேண்டும். பைகள் முதலில் அறுவது அங்கேதான். கித்தான் பை அழகியது, நாட்பட நாட்படப் பதம் பெறுவது. ஆயினும் ஈரம் மிகுந்த நம் நாட்டில், மழையில் நனைந்ததை அப்படியே அலமாரியில் வைத்தால் ஒரு கிழமைக்குள் பூஞ்சணம் பூத்துவிடும். காய வைக்கப் பொறுமை இல்லாதவர் நைலானையே நாடுக. நிறத்தைப் பொறுத்தவரை, 1626இல் பழங்குடி வேட்டுவர் தெரிந்தெடுத்த கருநீலமும் சாம்பலும் இன்றும் எவ்வுடைக்கும் இசைவன. அழுக்கும் எளிதில் தெரியாது. பாதி காலியாக உள்ள பை தொய்ந்து அழகு கெடும் என்பதால், அலுவலகத்திற்கு எடுத்துச் செல்வோர் சிறிய பையை நிறைவாகக் கொண்டு செல்வதே நன்று.

சிங்கப்பூரில் 1967இல் கட்டாயத் தேசிய சேவை தொடங்கியது. அங்குப் படையிற் சேரும் இளைஞர்கள் தமக்கு வழங்கப்படும் பெரிய உருளைப் பையை டஃபல் பை என்பதோடு 'அலிபாபா பை' என்றும் வேடிக்கையாக அழைப்பர். திருடர் குகையிலிருந்து பொருளை அள்ளி வந்தவனின் மூட்டை அவர்கள் நினைவுக்கு வந்தது போலும்! பெல்ஜிய ஊரின் பெயரோடு அரபுக் கதைமாந்தன் ஒருவனின் பெயரும் அப்பைமேல் ஏறி அமர்ந்துவிட்டது.